ஓர் அங்குலம் எதற்காக?
அமெரிக்க லாரி ஓட்டுநர் கையேட்டின் காற்றுப் பிரேக் பகுதி – ஒரு திறனாய்வு

நட்சத்திரங்களைப் பற்றிய நூல் வந்தால் மதிப்புரை எழுதப் பலர் முன்வருவார்கள். லாரி ஓட்டுநர்களுக்கு அரசு அச்சிட்டுத் தரும் கையேட்டை யாரும் மதிப்புரைக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எத்தனையோ இலட்சம் பேர் வரிக்கு வரி படித்து, மனப்பாடம் செய்து, தேர்வும் எழுதும் அறிவியல் நூல் ஒன்று உண்டென்றால் அது இத்தகைய கையேடுதான். அதில் உள்ள ஒரு விளக்கம் தெளிவாக இருக்கிறதா, குழப்பமாக இருக்கிறதா என்பதை மலைச்சரிவில் இறங்கும் 36 டன் வண்டி சோதித்துப் பார்த்துவிடுகிறது. ஆகவே அமெரிக்காவின் வணிக வாகன ஓட்டுநர் கையேட்டில் காற்றுப் பிரேக்கைப் பற்றிய ஐந்தாம் பகுதியை, ஓர் இயற்பியல் நூலை மதிப்பிடுவதுபோல இங்கே மதிப்பிட விரும்புகிறேன்.

இந்தக் கையேட்டின் வரலாறு சுருக்கமானது. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கனரக வாகனம் ஓட்டுவோர் எல்லா மாநிலங்களிலும் ஒரே தரத்தில் அமைந்த தேர்வெழுதித் தனி உரிமம் பெறவேண்டும். 1992 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயமாயிற்று. மோட்டார் வாகன நிர்வாகிகளின் சங்கம் ஒரு மாதிரி நூலைத் தயாரிக்க, மாநிலங்கள் அதைத் தத்தம் மேலட்டையுடன் வெளியிடுகின்றன. காற்றுப் பிரேக் தேர்வில் தேறாதவர் உரிமம் பெற்றாலும், காற்றுப் பிரேக் உள்ள வண்டியை ஓட்டக்கூடாது என்று அதில் குறித்துவிடுவார்கள்.

நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் பள்ளிப் பாடநூல்களில் பாஸ்கல் விதியின் பயனாக எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கின் படம் தவறாமல் இருக்கும். கார் அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறது. சாலையில் நம்மைக் கடந்துபோகும் லாரியும் டிரெய்லரும் எப்படி நிற்கின்றன என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால், இந்தக் கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருக்கும் அதே டிரம், அதே ஷூ, அதே நெம்புகோலைக் காணலாம். இயற்பியலும் அதேதான்.

அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். என்ஜினோடு இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டிகளில் சேர்க்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 125 பவுண்டு அளவை எட்டியதும் கவர்னர் என்னும் கருவி கம்ப்ரசரின் வேலையை நிறுத்துகிறது; 100 பவுண்டு அளவுக்கு இறங்கினால் மீண்டும் தொடங்கி வைக்கிறது. ஓட்டுநர் மிதிக்கும் பெடல் உண்மையில் ஒரு வால்வு. அது திறக்கும் அளவுக்கு ஏற்பக் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள பிரேக் அறைக்குப் போகிறது. அறைக்குள் ரப்பர்ச் சவ்வு ஒன்று. அதன் நடுவில் ஒரு தள்ளுதண்டு. காற்று சவ்வைத் தள்ள, தண்டு வெளியே வந்து ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்புகிறது. நெம்புகோல் ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வடிவில் உள்ள கேமைச் சுழற்ற, கேம் இரண்டு ஷூக்களையும் அகட்டி டிரம்மின் உட்புறத்தோடு அழுத்துகிறது. டிரெய்லரில் பெரும்பாலும் காணப்படும் அறைக்கு ‘30ஆம் வகை’ என்று பெயர். சவ்வின் பயனுறு பரப்பு 30 சதுர அங்குலம் என்பதே அதன் பொருள். 100 பவுண்டு அழுத்தத்தில் 3000 பவுண்டு விசை, அதாவது சுமார் 1360 கிலோகிராம் எடை, தண்டின்மேல் விழுகிறது. மனிதனின் பாதம் இதில் ஒரு பவுண்டு விசையைக்கூடத் தருவதில்லை என்பதைக் கவனிக்கவும். பாதம் கட்டளை மட்டுமே இடுகிறது. இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

கையேட்டின் முதல் பாதியை மனமாரப் பாராட்டலாம். சிறு சிறு வாக்கியங்கள். ஒரு பத்தியில் ஒரு கருத்து. ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது, அது செய்யாவிட்டால் என்ன நேரும் என்ற வரிசை. குறிப்பாகச் சுருள்வில் பிரேக்கைப் பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. காற்றுப் பிரேக் என்றவுடன், காற்று போய்விட்டால் பிரேக்கும் போய்விடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்றுப் பிரேக்கின் குறை அதுதான். 1872இல் அவரே அதைத் தலைகீழாக்கி, குழாயில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி செய்தார். இன்றைய லாரியில் நிறுத்துமிடப் பிரேக்கைப் பிடிப்பது வலிமையான ஒரு சுருள்வில். காற்றின் வேலை அந்த வில்லை அமுக்கிவைத்துப் பிரேக்கைப் பிடிக்கவிடாமல் தடுப்பதே. அழுத்தம் 45க்கும் 20க்கும் இடைப்பட்ட அளவுக்கு வீழ்ந்தால் வில் வென்று பிரேக்கை முழுவதுமாகப் பிடித்துவிடும். டிரெய்லருக்குப் போகும் இரு குழாய்களில் ஒன்று அறுந்தால் என்ன ஆகும், மற்றொன்று அறுந்தால் என்ன ஆகும் என்று ஆறாம் பகுதி விளக்கும் இடமும் இதே தெளிவுடன் இருக்கிறது. டிரெய்லரின் கைவால்வைப் பிடித்துவைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதே, காற்று கசிந்து பிரேக் விட்டுப்போகும் என்ற எச்சரிக்கையைக் காரணத்தோடு சொல்கிறது. காரணம் சொன்ன எச்சரிக்கை மறப்பதில்லை.

சோதனைகளைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் நூலின் குரல் மாறிவிடுகிறது. எண்கள் வருகின்றன, காரணங்கள் மறைந்துவிடுகின்றன.

கசிவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். என்ஜினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். தனி லாரியில் 2 பவுண்டுக்குள்ளும், டிரெய்லருடன் கூடியதில் 3 பவுண்டுக்குள்ளும் அழுத்தம் குறையலாம். பெடலை மிதித்த நிலையில், முதலில் ஏற்படும் வீழ்ச்சியைத் தவிர்த்து, நிமிடத்துக்கு 3, 4 பவுண்டு. தேர்வில் இந்த நான்கு எண்களும் தவறாமல் கேட்கப்படும். மாணவர் மனப்பாடம் செய்வார். டிரெய்லருக்கு ஏன் ஒரு பவுண்டு சலுகை? இணைப்புகளும் குழாய்களும் கூடுதல் என்பது ஒரு விடை. ஆனால் பாயில் விதியை நினைவில் வைத்திருக்கும் மாணவர் வேறொன்றையும் கவனிப்பார். மானி காட்டுவது அழுத்தக் குறைவை. வெளியேறிய காற்றின் அளவை அன்று. தொட்டி பெரியதாயின் அதே கசிவு மானியில் குறைவாகத் தெரியும். டிரெய்லர் இணைந்தால் தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவும் கூடுகிறது. எனவே 3 பவுண்டு என்பது தனி லாரியின் 2 பவுண்டைவிட ஒன்றரை மடங்கு கசிவு அன்று. அதைவிடக் கணிசமாகக் கூடுதல். இந்தப் பார்வை இருந்தால் ஓட்டுநர் ‘3க்குள் இருக்கிறது, சரி’ என்று போகமாட்டார்; நேற்று 1 இருந்தது இன்று ஏன் இரண்டரை ஆயிற்று என்று குனிந்து காது கொடுத்துக் கேட்பார்.

தொட்டியில் சேரும் நீரை வடித்துவிடவேண்டும் என்ற விதியும் இப்படித்தான். நீர் உறைந்து குளிர்காலத்தில் பிரேக்கைக் கெடுக்கும் என்று விளைவைச் சொல்லும் நூல், காற்றுத் தொட்டிக்குள் நீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. 100 பவுண்டு மானி அழுத்தம் என்பது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 7.8 மடங்கு. 7.8 தொட்டிக் காற்றை ஒரு தொட்டியில் அடைக்கிறோம். அதிலிருந்த நீராவி முழுவதும் கூடவே வருகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு கன அளவு எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அழுத்தத்தைப் பொறுத்ததன்று. ஆகவே வெளிக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 13 விழுக்காட்டைத் தாண்டினாலே, அழுத்தப்பட்ட காற்று ஆறி வெளிவெப்பநிலைக்கு வந்ததும் எஞ்சியது நீராகிவிடும். பாலைவனத்திலும் ஈரப்பதம் பல வேளைகளில் 13 விழுக்காட்டுக்கு மேலே இருக்கும். இந்த மூன்று வாக்கியங்களைச் சேர்த்திருந்தால் ‘வறண்ட ஊரில் வடிக்கவேண்டியதில்லை’ என்ற சோம்பலுக்கு இடமிருக்காது. காற்றை உலர்த்தும் கருவி பொருத்திய வண்டியிலும் ஏன் வடிகுழாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதும் புரியும். அங்கே நீர் வந்தால், உலர்த்தி வேலை செய்யவில்லை என்று பொருள்.

இனி ஒரு சிறிய பிழை. சிறிதாயினும் ஓர் ஆசிரியர் அதை விட்டுவிட முடியாது. பெடலை மிதித்ததற்கும் பிரேக் பிடிப்பதற்கும் இடையே அரை வினாடியோ அதற்கு மேலோ தாமதம் உண்டு, காற்று குழாய்களின் வழியே செல்ல நேரமாகிறது என்கிறது நூல். சில வரிகள் தள்ளி, மணிக்கு 55 மைல் வேகத்தில் இந்தத் தாமதத்தால் சுமார் 32 அடி கூடுதலாகச் செல்லும் என்கிறது. பெருக்கிப் பாருங்கள். 55 மைல் வேகம் வினாடிக்கு 80.7 அடி. அரை வினாடிக்கு 40 அடி ஆகிறது. 32 அடி என்பது 0.4 வினாடிக்கு உரியது. ‘அரை வினாடிக்கு மேல்’ என்று சொல்லிவிட்டு அதற்குக் குறைவான தொலைவைக் கொடுப்பது பொருந்தாது. எட்டு அடியில் ஒரு கார் பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

எண்ணைவிடக் காரணத்தில்தான் எனக்குக் கூடுதல் குறை. காற்று ‘செல்ல’ நேரமாகிறது என்றால் எவ்வளவு? அழுத்த மாற்றம் குழாயில் ஒலியின் வேகத்தில் பரவும். 70 அடி நீள வண்டியின் கடைசிச் சக்கரத்தை அது ஒரு வினாடியின் பதினாறில் ஒரு பங்கில் எட்டிவிடும். மீதி நேரம் எங்கே போகிறது? அறைகளை நிரப்புவதில். குழாயின் குறுகலான துளை வழியாகப் போதிய காற்று பாய்ந்து, சவ்வு நகர்ந்து, ஷூ டிரம்மைத் தொட்டு, அதன் பிறகே அழுத்தம் ஏறவேண்டும். டிரெய்லரின் அச்சுக்கு அருகிலேயே ஒரு தொட்டியையும் ரிலே வால்வையும் வைத்திருப்பது இதற்காகத்தான். முன்னாலிருந்து வரும் காற்று கட்டளையை மட்டும் தர, வேலை செய்யும் காற்று பக்கத்துத் தொட்டியிலிருந்தே கிடைக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு இன்னொன்றும் தானே புரியும். தள்ளுதண்டு எவ்வளவு தூரம் நகரவேண்டியிருக்கிறதோ அவ்வளவு காற்று அறைக்குள் போகவேண்டும். அவ்வளவு தாமதமும் கூடும். அதாவது தாமதம் என்பது வண்டியோடு பிறந்த மாறாத எண் அன்று. பராமரிப்புக் கெட்டால் அதுவும் வளரும். தாமதத்தை ஓரிடத்திலும் தண்டின் நகர்வை வேறோரிடத்திலும் பேசும் நூலில் இந்த உறவு வெளிப்படவில்லை.

தண்டின் நகர்வுக்கே வருவோம். இந்தப் பகுதியின் உயிர்நிலை இதுதான்.

கையேடு சொல்லும் சோதனை இது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நிறுத்துமிடப் பிரேக்கை விடுவித்துவிட்டு, கையுறை அணிந்து ஒவ்வொரு ஸ்லாக் அட்ஜஸ்டரையும் பலமாக இழுத்துப் பார்க்கவேண்டும். தண்டு இணைந்துள்ள இடத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் சரிசெய்யப்படவேண்டும். நல்லது. ஏன் ஓர் அங்குலம்? சட்டத்தையும் சோதனை அதிகாரிகளின் பட்டியலையும் பார்த்தால் சாதாரண 30ஆம் வகை அறைக்கு 2 அங்குலம் என்று இருக்கிறதே, எது சரி? இரண்டும் சரிதான், இரண்டும் வெவ்வேறு அளவைகள். கையால் இழுக்கும்போது ஷூ டிரம்மைத் தொடும்வரை உள்ள வெற்றிடத்தைத்தான் அளக்கிறோம். சட்டம் அளப்பது 90 முதல் 100 பவுண்டு அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்த நிலையில் தண்டு வெளிவரும் தொலைவை. அப்போது தண்டில் உள்ள விசை ஒரு டன்னுக்கு மேல். இரும்பும் சற்று வளைந்துகொடுக்கும், புஷ் தேய்ந்திருந்தால் அதுவும் இடம் கொடுக்கும். கையால் ஓர் அங்குலம் காட்டிய பிரேக் காற்றால் எவ்வளவு காட்டும் என்பது அதன் உறுப்புகளின் நிலையைப் பொறுத்தது. பட்டறைக்காரர் அறையின் முகத்தருகே தண்டில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி அளப்பது இதனால்தான். கை இழுப்பு ஓட்டுநருக்கு ஏற்ற எளிய சோதனை. அது போதும் என்று நினைத்தால் ஆபத்து. நூல் இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

2 அங்குலம் ஏன் எல்லை என்பதை எண்ணில் பார்ப்போம். 30ஆம் வகை அறையின் முழு நகர்வு இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். அதற்கு மேல் சவ்வுக்கு இடமில்லை. எல்லையில் உள்ள பிரேக் 51 மில்லிமீட்டர் நகர்கிறது. மீதி 12 மில்லிமீட்டர். நெம்புகோலின் நீளம் 6 அங்குலம், கேமின் பயனுறு ஆரம் அரை அங்குலம் என்று கொண்டால் விசை 12 மடங்காகப் பெருகுகிறது. நெம்புகோல் இலவசமாக எதையும் தருவதில்லை என்பது நாம் எட்டாம் வகுப்பில் படித்தது. ஷூ ஒரு மில்லிமீட்டர் நகரத் தண்டு 12 மில்லிமீட்டர் நகரவேண்டும். லைனிங் ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே அந்த மீதி முழுவதும் தீர்ந்துவிடும்.

டிரம் சூடானால்? பதினாறரை அங்குல விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம்மின் ஆரம் சுமார் 210 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பின் நீள்விரிவெண் ஒரு டிகிரிக்கு சுமார் 0.000011. வெப்பநிலை 300 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆரம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர் கூடும். 12ஆல் பெருக்கினால் தண்டின் நகர்வு 8 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. (ஷூ ஒரு முனையில் கீல்போல் பொருத்தப்பட்டிருப்பதால் கேம் முனை இன்னும் கூடுதலாக நகரவேண்டும், லைனிங்கும் விரியும். இரண்டையும் விட்டுவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டிருக்கிறேன்.) 51 மில்லிமீட்டர் இப்போது 59 ஆகிவிட்டது. சவ்வு தன் எல்லையை நெருங்க நெருங்க, காற்றின் அழுத்தம் குறையாவிட்டாலும் தண்டுக்குக் கிடைக்கும் விசை வேகமாகக் குறைகிறது. காலையில் நின்றபடி சோதித்தபோது சட்டப்படி சரியாக இருந்த பிரேக், மலையின் பாதியில் பெயரளவுக்கே பிரேக்காக இருக்கிறது.

டிரம் விரிவதால் ஷூ கூடுதலாக நகரவேண்டியிருக்கும் என்பதைக் கையேடு சொல்லவில்லை என்று குறை கூற முடியாது. சொல்கிறது, தெளிவாகவே சொல்கிறது. சரிசெய்யப்படாத பிரேக் தன் பங்கு வேலையை மற்றவற்றின்மேல் தள்ளிவிடும் என்றும் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்வது சரிவில் ஓட்டும் முறையைப் பேசும் இடத்தில். ஓர் அங்குலச் சோதனை இருப்பது அதற்குப் பல பத்திகளுக்கு முன்னால், வேறு தலைப்பின்கீழ். தலைப்புவாரியாகப் படித்துத் தேர்வெழுதுபவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஓர் அங்குலத்துக்குக் காரணம் மலைதான் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

பங்கு தள்ளப்படுவதையும் எண்ணில் காணலாம். 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36,290 கிலோகிராம், உள்ள வண்டி நூற்றுக்கு ஆறு சரிவில் 5 கிலோமீட்டர் இறங்கினால் 300 மீட்டர் உயரம் இழக்கிறது. விடுபடும் நிலையாற்றல் 106.7 மெகாஜூல். என்ஜினும் காற்றும் உதவவில்லை என்று கொண்டால் ஐந்து அச்சுகளின் பத்துப் பிரேக்குகளும் தலா 10.7 மெகாஜூலை ஏற்கவேண்டும். 50 கிலோகிராம் டிரம், தன்வெப்பம் 500 ஜூல் என்றால், ஆறாமல் இருந்தால் வெப்பநிலை உயர்வு 427 டிகிரி. பத்தில் இரண்டு வேலை செய்யாவிட்டால் மற்ற எட்டும் 533 டிகிரி. மூன்று போனால் 610 டிகிரி. அமெரிக்கச் சோதனை அதிகாரிகள் பத்தில் இரண்டு பிரேக் குறையுள்ளதாகக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவைப்பது மிகையான கண்டிப்பு அன்று என்பது இதிலிருந்து தெரியும். சூடேறிய எட்டின் டிரம்களும் விரிகின்றன. எல்லையில் இருந்த மூன்றாவதும் நான்காவதும் கைவிடுகின்றன. பிறகு மீதியுள்ளவற்றின் பங்கு இன்னும் கூடுகிறது.

இவ்வளவும் நடக்கும்போது ஓட்டுநரின் பாதத்துக்கு என்ன தெரிகிறது? ஒன்றுமே தெரிவதில்லை. முன்பு ஒத்திவைத்த விஷயம் இதுதான். காரின் எண்ணெய்ப் பிரேக்கில் ஷூ கூடுதலாக நகரவேண்டியிருந்தால் கூடுதல் எண்ணெய் போகவேண்டும், எண்ணெய் சுருங்காது, ஆகவே பெடல் கீழே இறங்கும். பெடலே நோயைச் சொல்லிவிடுகிறது. காற்றுப் பிரேக்கில் பெடல் ஒரு வால்வு மட்டுமே. தண்டு அரை அங்குலம் நகர்ந்தாலும் இரண்டரை அங்குலம் நகர்ந்தாலும் காலுக்கு ஒரே உணர்ச்சிதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆகவே ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்று ஓட்டுநர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கார் ஓட்டிப் பழகிய ஒருவர் லாரிக்கு வரும்போது அவர் மறக்கவேண்டிய முதல் பழக்கம் காலை நம்புவது. என் மதிப்பில் இந்த ஐந்தாம் பகுதியின் தொடக்கத்திலேயே, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் வரவேண்டிய செய்தி இது. அந்த அழுத்தம் அதற்கு அங்கே கிடைக்கவில்லை.

அச்சிட்ட சொல்லுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை நான் மிகைப்படுத்தவில்லை. 2001 மே 31 அன்று ஆர்க்கன்சா மாநிலத்தில் மவுன்டன்பர்க் அருகே, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியில் நிற்க முடியாத ஒரு டிரெய்லர் லாரி பள்ளிப் பேருந்தின்மேல் மோதி மூன்று மாணவர்கள் இறந்தனர். பிரேக்குகளின் மோசமான பராமரிப்பைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணங்களில் ஒன்றாகக் கண்டது. இன்னும் கவனிக்கத்தக்கது 2003 ஏப்ரல் 11 அன்று பென்சில்வேனியாவில் கிளென் ராக் என்ற ஊரில் நடந்தது. அது டிரெய்லர் அன்று, மண் கொட்டும் லாரி. பிரேக் அமைப்பு ஒன்றே. சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடிக் கார்களின்மேல் மோதியது; உயிர்கள் போயின. 2006இல் வெளியான அறிக்கையில், பயிற்சியற்ற ஓட்டுநர், மிகுபாரம், பராமரிப்பின்மை ஆகியவற்றோடு, பட்டறைக்காரர்கள் பிரேக்கின் உண்மையான கோளாற்றைக் கண்டறியத் தவறியதையும் வாரியம் குறிப்பிட்டது. அத்துடன் நிற்கவில்லை. தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பற்றிச் சரியான செய்தி எளிதில் கிடைக்காததையும், அதைக் கையால் திருகுவதன் ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை இல்லாததையும் துணைக் காரணங்களாகப் பதிவு செய்தது. விளக்கம் இல்லாமையை ஒரு விபத்தின் காரணமாக அரசு அமைப்பு ஒன்று எழுதிவைப்பது அடிக்கடி நடப்பதன்று.

அந்தத் தானியங்கிக் கருவியைச் சற்று பார்ப்போம். அமெரிக்காவில் 1994 அக்டோபருக்குப் பிறகு செய்யப்பட்ட காற்றுப் பிரேக் வண்டிகளில் அது கட்டாயம். லைனிங் தேயத் தேய, தண்டின் நகர்வு கூடுவதை உணர்ந்து, உள்ளேயிருக்கும் திருகுப் பல்சக்கரத்தைத் தானே சிறிது சிறிதாகத் திருப்பி இடைவெளியைக் குறைக்கும். இப்படிப்பட்ட கருவி இருந்தும் நகர்வு எல்லை மீறினால் அதற்குப் பொருள் என்ன? கருவி கெட்டிருக்கிறது, அல்லது தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது கேமின் புஷ்ஷோ இணைப்பு ஊசியோ தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஸ்பானரை எடுத்துத் திருகிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி இறக்கிவிட்டுக் குணமாயிற்று என்பதற்கு ஒப்பானது. சோதனைச் சாவடியை அது கடந்துவிடும். சில நாளில் நகர்வு பழையபடி நீளும். அடிக்கடி திருகினால் கருவியே தேய்ந்துபோகும்.

இப்போதைய கையேட்டில் இதைப் பற்றி நல்ல பத்தி ஒன்று இருக்கிறது. கையால் திருகுவது கோளாற்றை மறைக்குமே தவிரத் தீர்க்காது, ஓட்டுநருக்குப் பொய்யான நம்பிக்கையைத் தரும், பட்டறைக்குக் கொண்டுபோ என்று சொல்கிறது. நூலின் மிகச் சிறந்த பத்தி என்று இதைச் சொல்வேன். காரணம், ஒரு விதியைக் கொடுத்துவிட்டு ஏன் என்றும் சொல்கிறது. அதே கையேடு, அதே சோதனையில், நகர்ந்தால் சரிசெய்யவேண்டும் என்ற பழைய சொல்லையும் விடாமல் வைத்திருப்பது ஒரு முரண். பழைய கையியங்கி வகைக்கு ‘திருகு’ என்பது மருந்து. தானியங்கி வகைக்கு அதுவே நோயை மறைக்கும் போர்வை. இரண்டையும் இரு தனித் தலைப்புகளாகப் பிரித்திருக்கவேண்டும்.

சரிவில் பிரேக் பிடிக்கும் முறைபற்றி ஒரு வார்த்தை. கையேடு, தாழ்ந்த கியரில் என்ஜினைத் தடையாகக் கொண்டபின், பாதுகாப்பான வேகம் 40 மைல் என்றால் 40ஐ எட்டியதும் அழுத்தமாகப் பிடித்து 35க்குக் கொண்டுவந்து விட்டுவிடு, மீண்டும் 40 ஆனதும் பிடி என்கிறது. ஒரு பிடிப்பு சுமார் மூன்று வினாடி. மெல்லத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் என்ன? ஆற்றல் அழிவின்மை விதிப்படி மொத்த வெப்பம் ஒன்றே. கூர்மையான மாணவர் இந்தக் கேள்வியைக் கேட்பார், நூலில் விடை கிடையாது. விடை இது. எல்லா வால்வுகளும் ஒரே அழுத்தத்தில் திறப்பதில்லை. மெல்ல மிதித்தால் சில சக்கரங்கள் மட்டுமே வேலை செய்து அவை மட்டும் கொதிக்கும். அழுத்தமாக மிதித்தால் எல்லாமே பங்கெடுக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, சராசரி வெப்பம் இரு முறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே, பங்கீட்டில்தான் வேறுபாடு என்று காட்டினார்கள்.

பழுதுபார்ப்பதைப் பற்றி நூல் அதிகம் பேசவில்லை. ஓட்டுநர் கையேடு ஆதலால் அது முறையே. ஆயினும் ஒரு செய்தியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். சுருள்வில் உள்ள பிரேக் அறையை எவரும் சாலையோரத்தில் கழற்றிப் பார்க்கக்கூடாது. உள்ளே அமுங்கிக் கிடக்கும் வில்லின் விசை முக்கால் டன்னுக்குக் குறையாது. அதற்கென உள்ள போல்ட்டைச் செலுத்தி வில்லைக் கட்டிவைக்காமல் வளையத்தைத் தளர்த்தினால் மூடி குண்டுபோலப் பறக்கும். பழுதான வில் அறையைப் பட்டறைகள் திறந்து சரிசெய்வதில்லை, முழுதாக மாற்றிவிடுகின்றன.

இந்தக் கையேடு அமெரிக்க மாநிலங்களின் மோட்டார் வாகனத் துறைகளில் விலையின்றிக் கிடைக்கும். ஐந்தாம் பகுதி அதிகப் பக்கங்கள் இல்லை. ஆங்கிலமும் கடினமானதன்று, பட்ட வகுப்பு மாணவர் ஒரு மாலையில் படித்துவிடலாம். படிப்பவர் தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் பற்றிய பத்தி இருக்கும் புதிய பதிப்பாகப் பார்த்து எடுத்துக்கொள்ளவும். பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கட்டும். 32 அடியைத் திருத்தி 40 என்று எழுதிக்கொள்ளலாம்.